சருகு வாரிய காடு

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தைச் சுற்றி ஒரு பெரிய பைன் காடு இருக்கிறது. பெயர் ரைஷ்ஸ்வால்ட், பேரரசின் காடு என்று பொருள். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் வேறு: ஸ்டெக்கர்லெஸ்வால்ட். குச்சிக்காடு. ஒல்லி ஒல்லியாக, கோணல்மாணலாக, அறுத்தால் நல்ல பலகை தேறாத பைன் மரங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்து வந்த பெயர் அது.

இதே காட்டுக்கு ஒரு காலத்தில் பேரரசின் தேன்தோட்டம் என்ற புகழும் இருந்தது. பைன் மரங்களில் பொந்து குடைந்து தேனீ வளர்த்தவர்கள் தனிச் சமூகமாக வாழ்ந்தார்கள். அவர்களுக்கென்று தனி உரிமைகள், ஃபாய்க்ட் ஊரில் தனி நீதிமன்றம். நியூரம்பெர்க்கின் லெப்குகன் என்ற மசாலா ரொட்டி பேர் பெற்றதற்கு அந்தத் தேனும் ஒரு காரணம். மரம் வெட்டி வெட்டிக் காடு தேய்ந்தபோது, 1368இல் பீட்டர் ஸ்ட்ரோமர் என்ற நியூரம்பெர்க் வணிகர் ஊசியிலை மர விதைகளைச் சேகரித்து விதைத்துப் புதுக் காடு எழுப்பிக் காட்டினார். திட்டமிட்டு விதைத்து வளர்த்த காடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று இது.

அப்படி எழும்பிய காடு ஏன் குச்சிக்காடாக மெலிந்தது? விடை மரத்தில் இல்லை, மரத்தடியில் இருக்கிறது. அங்கே கிடந்த சருகை ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மத்திய ஐரோப்பாவின் உழவு முறை மாறியது. அதுவரை மேய்ச்சல் நிலத்திலும் காட்டிலும் திரிந்த மாடுகளைத் தொழுவத்தில் கட்டித் தீனி போடும் வழக்கம் பரவியது. கட்டிப்போட்ட மாட்டுக்குக் கீழே ஏதாவது பரப்ப வேண்டும். வைக்கோலைப் பரப்பலாம். ஆனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்த ஏழைக் குடியானவனுக்கு வைக்கோல் மாட்டின் வாய்க்கே பற்றவில்லை. எனவே காட்டுக்குப் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் மரத்தால் பல் வைத்த கருவியால் பைன் ஊசிகளையும் பீச் இலைகளையும் பாசியையும் சுரண்டிக் குவித்து, துணியில் மூட்டை கட்டி, வண்டியேற்றிக் கொண்டுவந்தார்கள். குளிர்காலம் முழுக்க அது மாட்டின் சிறுநீரிலும் சாணத்திலும் ஊறும். வசந்தத்தில் எருவாக வெளியே வந்து ரை என்ற தானியத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போகும்.

இந்த வழக்கத்தின் உட்பொருள் தமிழ் உழவருக்கு உடனே புரியும். நைட்ரஜனுக்குத் தமிழில் தழைச்சத்து என்றுதான் பெயர். வேம்பு, புங்கன், ஆவாரை, கொளுஞ்சி என்று தழையை வெட்டி வந்து சேற்றில் போட்டு மிதித்த அனுபவம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பவேரியக் குடியானவர்கள் செய்ததும் அதுவே. காட்டின் தழைச்சத்து தொழுவம் வழியாக வயலுக்குப் போனது. திரும்பி வரவே இல்லை.

வன அதிகாரிகளுக்கு இது கண்ணில் விழுந்த தூசி. எந்தெந்த நாளில், எவ்வளவு, எந்தக் கருவியால் சருகு எடுக்கலாம் என்று சட்டம் மேல் சட்டம் போட்டார்கள். ஏழைகளோ இது எங்கள் பாட்டன் காலத்து உரிமை என்றார்கள். எர்ன்ஸ்ட் எபர்மாயர் என்ற பவேரிய வனவியலாளர் சண்டையைத் தராசில் ஏற்றினார். பவேரியக் காடுகளில் ஆண்டுக்கு எவ்வளவு சருகு விழுகிறது, அதோடு என்னென்ன சத்து வெளியே போகிறது என்று அளந்து 1876இல் காட்டுச் சருகைப் பற்றியே முழு நூல் எழுதினார். கணக்கு தெளிவாக இருந்தது: சருகு போனால் காடு இளைக்கும். ஆனாலும் 1893இல் மழை பொய்த்து மாட்டுத் தீவனத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அரசே காட்டைத் திறந்துவிட நேர்ந்தது. இந்தப் பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது.

மரம் இளைத்தது உண்மை. ஆனால் அந்த மரத்தடியில் என்ன வளர்ந்தது என்பதை அன்று யாரும் வரவு வைக்கவில்லை.

சருகு நீங்கிய வெறும் மணலில் சாம்பல் வெள்ளை நிறத்தில் லைக்கன்கள் மெத்தை போலப் பரவின. செட்டிநாட்டுக் குழம்பில் கல்பாசி போடுகிறோமே, அதுவும் லைக்கன்தான். பைன் காட்டில் வளர்வது அதன் தூரத்து உறவு. வெயில் நாளில் மிதித்தால் அப்பளம் போல நொறுங்கும். ஒரு மழை பெய்தால் போதும், பஞ்சாகிவிடும். அந்த மெத்தைக்கு நடுவே கிமாஃபிலா என்ற சிறு செடி நிற்கும். சாண் உயரம்கூட இராது. பனியிலும் பச்சை மாறாத தோல் போன்ற இலை. கோடையில், மெழுகில் செய்தது போன்ற வெளிர் இளஞ்சிவப்புப் பூக்கள் தலை கவிழ்ந்து தொங்கும். வேரில் குடியிருக்கும் பூஞ்சையும் அதற்குச் சோறு ஊட்டும். கிளப்மாஸ் என்ற தொன்மையான பெரணி உறவுகளும் ஹெதர் புதர்களும் பக்கத்தில் நின்றன. எல்லாமே மெல்ல வளர்பவை. கொஞ்சத்தில் வாழப் பழகியவை. வேகமாக வளரும் செடி எதற்கும் அந்த மண்ணில் போதிய தீனி இல்லை. இவை பிழைத்திருந்ததே அதனால்தான்.

இது கன்னிக்காடு அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். மனிதர்கள் சுரண்டிச் சுரண்டி வறுமையாக்கிய காடு. ஆனால் பனியுகத்துக்குப் பிந்தைய ஐரோப்பாவில் மணல்மேடுகளிலும் பாறைச் சரிவுகளிலும் ஒண்டியிருந்த ஒரு தாவரக் கூட்டத்துக்கு இந்தச் சுரண்டலே பெரிய வீடாக அமைந்தது. வீடு யார் கட்டியது என்பதால் குடியிருப்பவரின் மதிப்பு குறையாது.

வயலுக்குத் தழைச்சத்து தேடும் கவலை காட்டோடு நிற்கவில்லை. 1898இல் பிரிஸ்டல் நகரில் வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். கோதுமைக்கு உரமாகும் சிலி நாட்டு வெடியுப்பு தீரப்போகிறது, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க வேதியியல் வழி காணாவிட்டால் பஞ்சம் வரும் என்றார். பதினோரு ஆண்டுகளில் வழி கிடைத்தது. 1909 ஜூலை 2ஆம் தேதி கார்ல்ஸ்ரூஹே ஆய்வகத்தில் ஃபிரிட்ஸ் ஹாபர், காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக அம்மோனியா வடிவதை பிஏஎஸ்எஃப் நிறுவனத்தாருக்குக் காட்டினார். அதை ஆலை அளவுக்குப் பெருக்கியவர் கார்ல் பாஷ். ரைன் ஆற்றங்கரையில் ஓப்பாவில் 1913 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே உலகப்போர் வந்தது. உரத்துக்குப் பிறந்த நைட்ரஜன் வெடிமருந்துக்குப் போனது. 1921 செப்டம்பர் 21ஆம் தேதி அதே ஓப்பாவில் கிடங்கில் குவித்திருந்த உரம் வெடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் தட்டில் இருப்பது அந்த முறையில் பிறந்த தழைச்சத்து. அதைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வயலில் போடும் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதிதான் பயிருக்குள் போகிறது. மீதி நீரில் கரையும், காற்றில் ஏறும். அனல்மின் நிலையமும் மோட்டார் வண்டியும் எரிக்கும் வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனே ஆக்சைடாகி இதோடு சேரும். ஒரே நைட்ரஜன் அணு வயல், காற்று, காடு, ஆறு, கடல் என்று இடம் மாறி மாறி ஒவ்வொரு இடத்திலும் ஒரு வேலை செய்துவிட்டுப் போவதை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் காலவே அருவிக்கு ஒப்பிட்டார்.

மூட்டை உரம் மலிவானதும் சருகு வாரும் கருவி பரணுக்குப் போனது. காட்டில் சருகு தங்கத் தொடங்கியது. அது மட்டும் நடந்திருந்தால் மாற்றம் மெல்ல வந்திருக்கும். ஆனால் அதே ஆண்டுகளில் தொழுவமே வேறாகிவிட்டது. பரப்புச் சருகும் வைக்கோலும் இல்லாத, இடைவெளி விட்ட காங்கிரீட் தளங்கள் வந்தன. சாணமும் சிறுநீரும் கீழே தொட்டியில் ஒன்றாகக் கலந்து கூழாகத் தேங்கின. சிறுநீரிலுள்ள யூரியா மீது சாணத்திலுள்ள நொதி பட்டதும் அம்மோனியா எழும்பும். கண்ணைக் கரிக்கும் அந்த நெடி தொழுவத்துக்குள் நிற்பதில்லை.

இது எங்கே போய் முடிந்தது என்பதைப் பார்க்க நெதர்லாந்துக்குப் போக வேண்டும். ராட்டர்டாம் துறைமுகத்தில் சோயாவும் மரவள்ளியும் வந்து இறங்க, பீல் வட்டாரத்து மணல் நிலத்தில் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் நெருக்கிக் கட்டப்பட்டன. 1980களில் அந்தச் சின்ன நாட்டில் ஒரு கோடிக்கு மேல் பன்றிகள் இருந்தன. பண்ணைகளுக்கு நடுவே பைன் காடுகள். மண்ணியலாளர் நிக்கோ வான் பிரீமனும் குழுவினரும் 1982இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள்: திறந்த வெளியில் விழும் மழையைவிட மரத்தின் இலை வழியாகச் சொட்டும் மழையில் அம்மோனியம் மிகமிக அதிகம். ஊசியிலைகள் சீப்பு போலக் காற்றிலிருந்து அம்மோனியாவை வாரிப் பிடிக்கின்றன. மழை வந்து அதைக் கழுவி வேருக்கு அனுப்புகிறது. ஆலைக்காலத்துக்கு முன் ஒரு ஹெக்டேர் காட்டுக்கு ஆண்டுக்கு ஓரிரு கிலோ நைட்ரஜன்தான் வானத்திலிருந்து வந்திருக்கும். பீல் வட்டாரத்துச் சில காடுகளில் அது 50 கிலோவைத் தாண்டியது. வயலுக்குப் போடும் உர அளவு அது.

ஒரு காலத்தில் காட்டின் தழைச்சத்தைத் தின்ற தொழுவம், இப்போது காட்டுக்கு ஓயாமல் தழைச்சத்து ஊட்டத் தொடங்கியது.

ஆனால் 1980களில் எல்லோர் கண்ணும் மரத்தின் உச்சியில் இருந்தது. 1981 நவம்பரில் டெர் ஸ்பீகல் வார இதழ் காடு சாகிறது என்று அட்டையில் போட்டதும் ஜெர்மனியே பதறியது. கோட்டிங்கனைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் உல்ரிஷ், ஸோலிங் மலைக்காட்டில் அமில மழை மண்ணை எப்படிக் கெடுக்கிறது என்று ஆண்டுக்கணக்காக அளந்து எச்சரித்திருந்தார். அதன் பயனாக அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைக்குக் கடிவாளம் விழுந்தது. கந்தகம் பெருமளவு குறைந்தது. அது பெரிய வெற்றி. தொழுவத்தின் அம்மோனியாவுக்கு மட்டும் கடிவாளம் வர நாளாயிற்று. கந்தகத்துக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் பிறகு, 1999இல் கோத்தன்பர்க் உடன்படிக்கையில்தான் ஐரோப்பிய நாடுகள் அம்மோனியாவுக்கும் உச்சவரம்பு ஒப்புக்கொண்டன.

மரத்தடியைக் குனிந்து பார்த்தவர்களில் முதன்மையானவர் ஹைன்ஸ் எல்லன்பெர்க். ஓப்பா ஆலை தொடங்கிய அதே 1913இல் பிறந்தவர். மத்திய ஐரோப்பாவின் ஒவ்வொரு செடிக்கும் அது விரும்பும் ஒளி, ஈரம், அமிலத்தன்மை, நைட்ரஜன் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு 1974இல் வெளியிட்டார். நைட்ரஜன் எண் 1 முதல் 9 வரை. பசியில் வாழும் செடிகளுக்கு இரண்டு, மூன்று. காஞ்சொறி போலத் தொட்டால் அரிக்கும் நெட்டிலுக்கு உச்ச மதிப்பு. எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு காட்டில் என்ன செடி நிற்கிறது என்று எழுதிப் பார்த்தே மண்ணின் சத்தைச் சொல்லலாம். பழைய தாவரப் பட்டியல்களையும் அதே இடத்தின் புதுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்தபோது, கணக்கு மேல்நோக்கி நகர்ந்திருந்தது. லைக்கன் மெத்தைகள் இருந்த இடத்தில் பாசியும் புல்லும். புல் இருந்த இடத்தில் பிளாக்பெர்ரி முட்புதரும் பெரணியும் நெட்டிலும். அழிவின் விளிம்பில் உள்ளவை என்று குறிக்கப்பட்ட செடிகளில் பெரும்பாலானவை குறைந்த எண் கொண்டவை. கிமாஃபிலா அவற்றில் ஒன்று.

செடி எப்படித் தோற்கிறது? சத்து அதிகமானால் செழிக்க வேண்டியதுதானே என்று தோன்றும். வடக்கு ஸ்வீடனின் காட்டில் ஒரு பில்பெர்ரிச் செடியைக் குனிந்து பார்த்தால் விடை தெரியும். முழங்காலுக்குக் கீழான புதர், நாவல் நிறத்தில் சிறு பழம். அந்நாட்டுக் காடுகளின் தரையை மூடியிருப்பது பெரும்பாலும் இதுதான். நைட்ரஜன் கூடும்போது இலைக்குள் அமினோ அமிலங்கள் சேர்கின்றன. வால்டென்சியா என்ற பூஞ்சைக்கு அது விருந்து. இலையில் பழுப்புப் புள்ளி விழுகிறது, வட்டமாகப் பரவுகிறது, நடுக்கோடையிலேயே இலை உதிர்கிறது. உதிர்ந்த ஓட்டை வழியாகத் தரைக்கு வெயில் இறங்குகிறது. அதுவரை நிழலில் அடங்கிக் கிடந்த மெல்லிய தலைமயிர்ப் புல், வெயிலும் தீனியும் ஒரே நேரத்தில் கிடைத்ததும் கிளம்பிவிடுகிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் சிறு சிறு பாத்திகளில் உரம் தூவி இந்தச் சங்கிலியைக் கண்ணிகண்ணியாகப் பிரித்துக் காட்டினார்கள். பில்பெர்ரியைக் கொன்றது நஞ்சன்று. அதன் இலையைப் பூஞ்சைக்கு ருசியாக்கிய சத்து.

மண்ணுக்கடியில் வேறொரு இழப்பு. பைன் வேருக்கு நைட்ரஜன் தேடிக் கொடுத்துப் பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பூஞ்சைகளுக்கு, மேலிருந்தே நைட்ரஜன் கொட்டும்போது வேலை போய்விடுகிறது. நெதர்லாந்துக் காடுகளில் மக்கள் பறித்துத் தின்ற சாந்தரெல் காளான் அரிதாகிப்போனது அப்படித்தான். அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது மண் அமிலமாகிக் கால்சியம் கழுவிப் போகும். ஃபெலுவா என்ற நெதர்லாந்து மணற்காட்டில் இதன் விளைவு முட்டையில் தெரிந்தது. கந்தகமும் நைட்ரஜனும் சேர்ந்து அமிலமாக்கிய அந்த மண்ணில் நத்தைகள் அருகிவிட்டன. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தை நத்தையிலிருந்து பெறும் பட்டாணிக் குருவி இனம், மெல்லிய, துளை விழுந்த ஓடுகொண்ட முட்டை இட்டது. மக்கள் கூடி உண்ணும் இடங்களை ஒட்டிய குருவிகள் மட்டும் அங்கே சிந்திய கோழிமுட்டை ஓட்டைக் கொத்தித் தின்று ஓரளவு தப்பின. 1994இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தவர் எவரும் அந்த முட்டை ஓட்டை எளிதில் மறக்கமாட்டார்.

இத்தனைக்கும், ஒரு காட்டுத் துண்டில் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ணினால் பல இடங்களில் எண்ணிக்கை குறைவதில்லை. இதைக் காட்டிப் பிரச்சினையே இல்லை என்பவர்கள் உண்டு. ஐரோப்பாவின் 68 இடங்களின் பழைய, புதிய பட்டியல்களை ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வு இந்தப் புதிரை விடுவித்தது. சின்ன வட்டாரத்தில் மட்டும் வாழும், பசி தாங்கும் செடிகள் போகின்றன. கண்டம் முழுக்கப் பரவிய, தீனி விரும்பும் செடிகள் அந்த இடத்தில் வந்து உட்காருகின்றன. ஒவ்வொரு காட்டிலும் எண் அப்படியே இருக்கும். எல்லாக் காடும் ஒன்றுபோல ஆகிவிடும். நைட்ரஜன் கூடக்கூட இந்த மாற்றமும் கூடியது. 2024இல் வந்த மற்றொரு ஆய்வு 266 காட்டுச் செடிகளின் இடப்பெயர்ச்சியைப் பார்த்தது. புவி சூடாவதால் வடக்கே நகரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வடக்கே போனவை ஏறத்தாழ 15 விழுக்காடு. மேற்கே நகர்ந்தவை 39 விழுக்காடு. நைட்ரஜன் அதிகம் கொட்டும் பக்கம் மேற்கு.

அடர்ந்த காடுகளில் நிழல் இந்தச் சேதத்தை மறைத்து வைத்திருக்கிறது. ஒளி இல்லாததால் நெட்டிலும் முட்புதரும் அடங்கியிருக்கின்றன. புயலோ வறட்சியோ கோடரியோ கூரையைத் திறந்தால் மண்ணில் சேர்ந்த நைட்ரஜன் எல்லாம் ஒரே ஆண்டில் புதராக எழும்பும். ஆய்வாளர்கள் இதைக் காலவெடி என்கிறார்கள். அண்மைக்கால வறட்சிகளில் ஐரோப்பாவின் ஸ்ப்ரூஸ் காடுகள் கூட்டம் கூட்டமாகக் காய்ந்ததை நினைத்தால் அந்தச் சொல் மிகையாகத் தெரியவில்லை.

நெதர்லாந்தில் விஷயம் நீதிமன்றம் ஏறியது. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் பின்னால் நைட்ரஜன் குறையும் என்ற நம்பிக்கையில் இன்று அனுமதி கொடுக்கும் அரசுத் திட்டம் செல்லாது என்று 2019 மே 29ஆம் தேதி அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டுமானம் முதல் பண்ணை விரிவாக்கம் வரை ஆயிரக்கணக்கான திட்டங்கள் நின்றன. அக்டோபர் 1ஆம் தேதி உழவர்கள் டிராக்டர்களோடு ஹேக் நகரத்தில் இறங்கினார்கள். 2020 மார்ச்சில் நெடுஞ்சாலைகளின் பகல்நேர வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைந்தது. அரை நூற்றாண்டாகப் பெரிதாக்கு, பெருக்கு என்று சொல்லிக் கடன் கொடுத்து வளர்த்த பண்ணையை ஒரே நாளில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் உழவருக்கு ஆத்திரம் வராதா? அந்த ஆத்திரத்தில் நியாயம் உண்டு. காட்டுத் தரையில் நடந்த இழப்பும் அதே அளவு உண்மை.

காடு மீளுமா என்று பார்த்தவர்களும் உண்டு. பீல் வட்டாரத்தின் ஐஸல்ஸ்டைன் பைன் காட்டில் 1980களின் இறுதியில் மரக்கிளைகளுக்குக் கீழே ஒளி ஊடுருவும் கூரை போட்டார்கள். சொட்டும் மழையை வெளியேற்றி, நைட்ரஜன் நீக்கிய நீரைத் தரையில் தெளித்தார்கள். மண்ணிலிருந்து கசியும் நைட்ரேட் சீக்கிரமே குறைந்தது. சில ஆண்டுகளில் காளான்கள் கூடுதலாக முளைத்தன. அது நல்ல செய்தி. ஸ்வீடன் சொன்ன செய்தி கடுமையானது. உரம் போடுவதை நிறுத்தி 47 ஆண்டுகள் ஆன ஒரு சோதனைக் காட்டில், தரைப்பாசிகளில் உரத்தின் தடம் இன்னும் அழியாமல் இருந்தது.

அதனால் பவேரியாவின் சில பைன் காடுகளில் பழைய கருவி திரும்ப வந்திருக்கிறது. லைக்கன் இன்னும் துளித்துளியாக ஒட்டியிருக்கும் இடங்களில் இயற்கைக் காப்பாளர்கள் பாசித் திண்டையும் ஊசிச் சருகையும் மணல் தெரியும்வரை வாரி எடுக்கிறார்கள். எபர்மாயர் தடுக்கப் பாடுபட்ட அதே வேலை இப்போது காட்டைக் காக்கச் செய்யப்படுகிறது. வாரிய சருகைக் கேட்டு வரத் தொழுவம் எதுவும் இல்லை. வண்டியேற்றிக் காட்டுக்கு வெளியே கொண்டுபோகும் செலவும் காப்பாளர்களுடையது. வெளுத்த மணலில், பக்கத்துத் திட்டிலிருந்து ஒடித்து வந்த லைக்கன் துண்டுகளைச் சில இடங்களில் கையால் தூவிவிடுகிறார்கள். அது பிடித்து மெத்தையாகப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒவ்வொரு மழையும் கொஞ்சம் தழைச்சத்தைக் கொண்டுவந்து போட்டபடியே இருக்கும். சில ஆண்டுகள் கழித்து மறுபடி வார வேண்டும்.